நோயாளியின் கோப்பு யாரிடம் இருப்பது? மேரிலாந்து மருத்துவமனைகள் தகவலைப் பகிரத் தொடங்கிய கதை

நம்மூரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடவே ஒரு பையும் போகும். பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், எக்ஸ்ரே கவர், போன தடவை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தீர்ந்துபோன மாத்திரை அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். டாக்டர் மாறலாம், ஊர் மாறலாம், பை மட்டும் மாறாது. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் கிடையாது. அங்கே கோப்பு மருத்துவமனையிடம்தான் இருக்கும். நகல் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டுதான், 1996-இல் வந்த ஹிப்பா என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் போட்ட விதிகள் அதைச் சொல்கின்றன, ஆனால் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அலைபவர்கள் குறைவு.

இதனால் என்ன ஆகும்? மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் ஒரு பெரியவரை நினைவில்லாமல் ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எமர்ஜென்சி டாக்டருக்குத் தெரியாது. இரண்டு மைல் தள்ளியிருக்கும் இன்னொரு மருத்துவமனையின் கணினியில் எல்லாமே இருக்கிறது, போன வாரம் எடுத்த சிடி ஸ்கேன் உட்பட. ஆனாலும் இங்கே மறுபடி சிடி எடுப்பார்கள், மறுபடி ரத்தம் எடுப்பார்கள், விடிந்ததும் அந்த மருத்துவமனைக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். ஃபேக்ஸ் என்பது எழுத்துப் பிழை இல்லை, அமெரிக்க மருத்துவத் துறை அதை லேசில் விடவில்லை.

ஒரு மாநிலத்தின் மருத்துவமனைகள், பரிசோதனைக் கூடங்கள், மருந்தகங்கள், தனி டாக்டர்கள் எல்லோரையும் இணைத்து, இந்தத் தகவல் நோயாளிக்கு முன்னால் போய்ச் சேரும்படி செய்வதைத்தான் சுகாதாரத் தகவல் பரிமாற்றம் என்கிறார்கள். கேட்டால் கணினி வேலை போலத் தெரியும். முப்பது வருடமாக அமெரிக்காவில் இதை முயன்றவர்கள் பெரும்பாலும் விழுந்த இடம் கணினி இல்லை, கல்லாப்பெட்டி.

1990-களில் பல நகரங்களில் சமூகச் சுகாதாரத் தகவல் வலையமைப்பு என்ற பெயரில் தொடங்கினார்கள். அநேகமாக எல்லாம் படுத்துவிட்டன. அடுத்த அலையில் எல்லோரும் முன்மாதிரியாகப் பார்த்தது கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவை. கலிஃபோர்னியா ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் அதற்குக் கொடுத்த பணம் சுமார் 1 கோடி டாலர். தாமதம், தகவல் கசிந்தால் யார் பொறுப்பு என்ற வழக்கறிஞர்களின் இழுபறி என்று வருடங்கள் ஓடின. கடைசியில் நன்கொடை தீர்ந்தபோது அங்கிருந்த மருத்துவமனைகளில் ஒன்றுகூட தன் பையிலிருந்து காசு போட்டு இதைத் தொடரத் தயாராக இல்லை. 2006 டிசம்பரில் மூடிவிட்டார்கள்.

ஏன் தயாராக இல்லை என்று மருத்துவமனை நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் புரியும். செய்த ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் காசு வரும் ஏற்பாட்டில், பக்கத்து மருத்துவமனையின் சிடி ஸ்கேன் என் திரையில் தெரிந்தால் எனக்கு ஒரு சிடி ஸ்கேன் வருமானம் போச்சு. என்னிடம் இருக்கும் கோப்பு எளிதாக வெளியே போகுமானால் நோயாளியும் எளிதாக வெளியே போவார். அதாவது, வலையமைப்புக்கு நான் பணமும் கட்ட வேண்டும், வருமானத்தையும் இழக்க வேண்டும், மிச்சமாகும் பணம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது, கணக்குத் தெரிந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

விதிவிலக்காக ஓர் இடம் மட்டும் முன்னமே ஓடிக்கொண்டிருந்தது, இண்டியானா. இண்டியானாபோலிஸில் ரீஜன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் என்று ஓர் ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது (பாத்திரம் கழுவும் இயந்திரம் செய்து பெரும்பணம் சேர்த்த சாம் ரீஜன்ஸ்ட்ரீஃப் என்பவரின் கொடை அது). அங்கே கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற டாக்டர் 1972-இலேயே கணினியில் நோயாளிப் பதிவு தொடங்கிவிட்டார். 1990-களில் நகரத்தின் எமர்ஜென்சி பிரிவுகளை இணைக்கப் போனபோது, ஒரே ஹீமோகுளோபின் பரிசோதனையை ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு பெயரில் எழுதுவது பெரிய தலைவலியானது. ஒரு லேபில் ஹெச்பி, இன்னொன்றில் ஹெச்ஜிபி, மூன்றாவதில் முழுப்பெயர். மனிதர் படித்தால் புரியும், கணினிக்கு மூன்றும் மூன்று பரிசோதனை. இதற்காகவே 1994-இல் லாயிங்க் என்ற குறியீட்டுத் தொகுப்பைத் தொடங்கினார்கள். ரத்த ஹீமோகுளோபினுக்கு 718-7 என்று ஓர் எண், எந்த லேபாக இருந்தாலும் அதே எண். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் குறியீடு இது. 2004-இல் தனி அமைப்பாக உருவான இண்டியானா பரிமாற்றம் தன் செலவுக்கான காசை எப்படிச் சம்பாதித்தது தெரியுமா? லேப் முடிவுகளை டாக்டர்களின் அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைக் கூரியரிடமிருந்தும் ஃபேக்ஸிடமிருந்தும் வாங்கிக்கொண்டு, அதற்கு மருத்துவமனைகளிடம் கட்டணம் வாங்கியது. ஏற்கெனவே செலவழிந்துகொண்டிருந்த ஒரு செலவைக் குறைத்துக் காட்டினார்கள், அதனால் காசு கிடைத்தது.

2009-இல் ஒபாமா அரசு பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள் ஹைடெக் என்ற பகுதியைச் சேர்த்தது. மின்பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் ஊக்கத்தொகை, மாநிலங்கள் பரிமாற்றம் அமைக்கச் சுமார் 54.8 கோடி டாலர். முதல் பாதி அபாரமாக வேலை செய்தது: 2008-இல் பத்தில் ஒரு மருத்துவமனையிடம்கூட அடிப்படை மின்பதிவு இல்லை, 2015-க்குள் அநேகமாக எல்லாவற்றிலும் அரசு சான்றளித்த மென்பொருள் வந்துவிட்டது. இரண்டாம் பாதி அவ்வளவு சுகமில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் கணினித் தீவாக மாறியது, தீவுக்கும் தீவுக்கும் நடுவே படகு இல்லை. நான்கு வருட மானியம் 2014 வாக்கில் தீர்ந்ததும் சில மாநில அமைப்புகள் மூடின, சில வேறொன்றோடு சேர்ந்துகொண்டன. சாந்தா பார்பரா பாடத்தையே நாடு முழுக்க இன்னொரு தடவை படித்தார்கள் என்று சொல்லலாம்.

சரி, மேரிலாந்துக்கு வருவோம். ஏறக்குறைய 60 லட்சம் மக்கள் வாழும் சின்ன மாநிலம். 1971-இலேயே மருத்துவமனைக் கட்டணங்களைத் தீர்மானிக்க ஓர் ஆணையம் அமைத்தது. 1977 முதல் அங்கே ஒரு மருத்துவமனையில் ஒரு சிகிச்சைக்கு எந்தக் காப்பீடு கட்டினாலும் ஒரே கட்டணம், மத்திய அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் உட்பட. அமெரிக்காவில் வேறெங்கும் இப்படி நிலைக்கவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மெட்ஸ்டார், மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு என்ற மூன்று போட்டியாளர்களும், எரிக்சன் என்ற முதியோர் குடியிருப்பு நிறுவனமும் சேர்ந்து கிரிஸ்ப் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கின. 2009-இல் அரசு அதையே மாநிலத்தின் அதிகாரபூர்வப் பரிமாற்றமாக அறிவித்தது. தொடக்கப் பணம் 1 கோடி டாலர் நன்கொடையாக வரவில்லை; கட்டண ஆணையம் மருத்துவமனைக் கட்டணத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துக்கொண்டது. அதாவது மருத்துவமனைக் கட்டணம் கட்டிய காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாமே தத்தம் பங்குக்கு இதற்கும் கட்டின. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் எதை இணைப்பது என்பதில் அவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. முழுக் கோப்பையும் இழுக்கப் போகவில்லை. மருத்துவமனை மென்பொருள்கள் பல வருடங்களாகத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது: நோயாளி சேர்ந்தார், வார்டு மாறினார், டிஸ்சார்ஜ் ஆனார். ஹெச்எல்7 என்ற பழைய தரத்தில் எழுதப்பட்ட, பார்க்க அழகே இல்லாத செய்தி அது. முதல் வரி யார் அனுப்புகிறார், எத்தனை மணிக்கு என்று சொல்லும். அடுத்து வரும் ஒரு வரியில் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி எல்லாம் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்டு நெருக்கமாக நிற்கும். இன்னொரு வரியில் எந்த வார்டு, எந்த டாக்டர். ஏ01 என்றால் சேர்க்கை, ஏ03 என்றால் டிஸ்சார்ஜ். லேபுக்கும் சமையலறைக்கும் பில்லிங்குக்கும் போய்க்கொண்டிருந்த இந்தச் செய்தியின் இன்னொரு நகலை கிரிஸ்புக்கும் அனுப்பு, அவ்வளவுதான் கேட்டார்கள். மருத்துவமனைக்குப் பெரிதாகச் செலவு இல்லை, கொடுக்கிற தகவலில் பெரிய ரகசியமும் இல்லை. 2012 வாக்கில் மாநிலத்தின் 46 பொதுச் சிகிச்சை மருத்துவமனைகளும் உள்ளே வந்துவிட்டன.

அதே வருடம் அதை வைத்து ஓர் எச்சரிக்கைச் சேவை தொடங்கினார்கள். குடும்ப டாக்டர் தன்னிடம் வரும் நோயாளிகளின் பட்டியலை கிரிஸ்பிடம் ஏற்றிவிடுவார். அவர்களில் ஒருவர் மாநிலத்தின் எந்த மூலையில் எந்த மருத்துவமனைக்குள் போனாலும், வெளியே வந்தாலும், டாக்டருக்கு உடனே தகவல் போகும். இதய செயலிழப்போடு படுத்திருந்த பாட்டி செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால், நர்ஸ் புதன்கிழமையே போன் செய்து "நீர் போற மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்களா, பழையதையும் சேர்த்துப் போட்டுக்கறீங்களா?" என்று கேட்கலாம். முன்பெல்லாம் அந்தப் பாட்டி படுத்திருந்ததே டாக்டருக்கு அடுத்த மாதம் அவரே வந்து சொன்னால்தான் தெரியும். பெரிய மூளை எதுவும் தேவைப்படாத சேவை, ஆனால் டாக்டர்கள் நிஜமாகவே பயன்படுத்தினார்கள். தனி இணையதளத்தில் நுழைந்து, தனி பாஸ்வேர்டு போட்டு, பெயரைத் தேடிக் கோப்பைப் பார் என்று சொல்லும் சேவைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எமர்ஜென்சியில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடம் கிடைப்பதே பெரிது, அதில் இன்னொரு திரையைத் திறக்க யாருக்குப் பொறுமை இருக்கும். பிற்பாடு கிரிஸ்ப் தன் தகவலை டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருளின் உள்ளேயே காட்ட ஆரம்பித்ததற்குக் காரணம் இதுதான்.

திருப்பம் 2014-இல் வந்தது. மத்திய அரசோடு மேரிலாந்து ஒரு புதிய ஒப்பந்தம் போட்டது: ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வருட வருமானம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படும். அதிக நோயாளிகள் வந்தாலும் தொகை பெரிதாகக் கூடாது, குறைந்தாலும் அவ்வளவாகக் குறையாது. மருத்துவமனைச் செலவின் தலைக்கு வளர்ச்சி வருடத்துக்கு 3.58 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மெடிகேருக்கு 5 வருடத்தில் 33 கோடி டாலர் மிச்சப்படுத்த வேண்டும், 30 நாளுக்குள் மறுபடி சேர்க்கப்படும் நோயாளிகளின் விகிதம் தேசிய சராசரிக்கு இறங்க வேண்டும்.

இப்போது மறுபடி அந்த நிர்வாகியின் நாற்காலியில் உட்காருங்கள். கணக்கு தலைகீழாகிவிட்டது. தேவையில்லாத சிடி ஸ்கேன் இனி வருமானம் இல்லை, செலவு. டிஸ்சார்ஜ் ஆன நோயாளி இரண்டு வாரத்தில் திரும்பி வந்தால் நஷ்டம். பக்கத்து மருத்துவமனையின் ரிப்போர்ட் என் திரையில் தெரிந்தால் எனக்கு லாபம். நேற்றுவரை தகவல் கொடுக்க யோசித்தவர்கள் இன்று எங்களுக்கு இன்னும் வேகமாக அனுப்புங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். இன்னொரு விஷயமும் நடந்தது. மறுசேர்க்கையை அதுவரை ஒரு மருத்துவமனை தன் கூரைக்குள் மட்டுமே எண்ணிப் பார்க்க முடிந்தது, தன்னிடம் டிஸ்சார்ஜ் ஆனவர் வேறொரு மருத்துவமனையில் போய்ப் படுத்தால் அது கண்ணிலேயே படாது. மாநிலம் முழுக்க ஒரு நோயாளிக்கு ஒரே அடையாளம் கொடுக்கும் வேலையை கிரிஸ்ப் செய்துவைத்திருந்ததால், கட்டண ஆணையம் அதை வைத்தே எல்லா மருத்துவமனைகளுக்கும் சேர்த்து மதிப்பெண் போடத் தொடங்கியது. தகவலைச் சுமந்து போன குழாய்தான் இப்போது கணக்குப்பிள்ளையும். ஐந்து வருட முடிவில் மறுசேர்க்கை விகிதம் தேசிய சராசரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது, மெடிகேர் சேமிப்பும் இலக்கைத் தாண்டியது. இதில் பரிமாற்றத்தின் பங்கு எவ்வளவு, வருமானத்தை முன்கூட்டியே தீர்மானித்த ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் துணிய மாட்டேன். 2012 அக்டோபரிலிருந்து மற்ற மாநிலங்களிலும் மறுசேர்க்கைக்கு மெடிகேர் அபராதம் போட்டுக்கொண்டிருந்தது, அங்கேயும் விகிதம் குறைந்தது.

ஒரு நோயாளிக்கு ஒரே அடையாளம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அது அமெரிக்காவில் எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டும். ஹிப்பா சட்டமே ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய மருத்துவ எண் வேண்டும் என்றது. இரண்டே வருடத்தில் அரசு கண்காணிக்கும் என்ற பயம் கிளம்பி, அந்த எண்ணுக்காக மத்திய சுகாதாரத் துறை காசு செலவழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் தடை போட்டது. பட்ஜெட் தோறும் அந்தத் தடை நீடிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, போன் எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து, இவர் அவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணினி கணக்குப் போட வேண்டும். ஹூஸ்டன் வட்டாரத்தின் ஹாரிஸ் கவுண்டி மருத்துவமனை அமைப்பு ஒரு தடவை தன் பதிவுகளை எண்ணிப் பார்த்தது: மரியா கார்சியா என்ற பெயரில் 2,488 பேர், அவர்களில் 231 பேர் பிறந்த தேதியையும் இன்னொரு மரியா கார்சியாவோடு பகிர்ந்துகொள்கிறார்கள். புதிதாகப் பிறந்த குழந்தைகளோ பெயர் வைக்கும்வரை 'பேபி பாய்', 'பேபி கேர்ள்'.

நம்மவர்கள் இந்தக் கணக்குக்கு இன்னும் தொந்தரவு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைக் கடைசியில் ஒட்டிக்கொண்டு போகிறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகும். அந்த விசாவைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் மருத்துவமனைப் பதிவில் எஃப்என்யு என்பதே நோயாளியின் பெயராகிவிடும். அப்புறம் சுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஆளுக்கு மூன்று பதிவு என்றால் மருந்து ஒவ்வாமை ஒரு பதிவில் கிடக்கும், மருந்துச் சீட்டு இன்னொன்றில் விழும். இரண்டு ஆட்களை ஒருவராகச் சேர்த்துவிட்டால் அதைவிட ஆபத்து. அதனால் பொதுவாக இத்தகைய அமைப்புகள் சந்தேகம் இருந்தால் சேர்க்காமல் விடுவதையே விரும்புகின்றன.

நோயாளியின் ஒப்புதல் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வழி வேறு. மேரிலாந்தில் வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எல்லோரும் உள்ளே. நியூயார்க்கிலும் ரோட் ஐலண்டிலும் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் என்று தொடங்கினார்கள். கேட்கும்போது இரண்டாவது முறைதான் நியாயமாகப் படும். நடைமுறையில் படிவத்தை நீட்ட வேண்டியவர் ஏற்கெனவே வரிசையால் திணறும் பதிவுக் கவுண்டர் ஊழியர், அதனால் கோப்புகள் சேர்வதே இல்லை. வெர்மான்ட் பல வருடம் இப்படி இழுத்துப் பார்த்துவிட்டு 2020-இல் மேரிலாந்து வழிக்கு மாறியது. இதில் யார் சரி என்பதைவிட, போதை சிகிச்சை போன்ற பதிவுகளுக்குத் தனிப் பூட்டு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மத்தியச் சட்டம் அதற்கென்று தனி விதி வைத்திருக்கிறது, பரிமாற்றங்கள் அதோடு இன்னும் மல்லுக்கட்டுகின்றன. வலி மாத்திரை விவகாரம் வேறு மாதிரி: ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரையை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்ற மாநிலப் பட்டியலை 2013 டிசம்பரிலிருந்து கிரிஸ்ப் வழியாகவே பார்க்கலாம். 2018 ஜூலை முதல் எழுதுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம். கிரிஸ்புக்குள் நுழையாமல் இருந்த டாக்டர்களையும் இது உள்ளே இழுத்துவிட்டது.

இந்தியாவில் நிலைமை கிட்டத்தட்ட இதற்கு எதிர்த்திசை. 2021 செப்டம்பரில் தேசிய அளவில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க ஆபா எண் இருக்கிறது, தகவல் ஒரே இடத்தில் குவியாமல் ஒப்புதல் கேட்டு நகரும் அமைப்பு இருக்கிறது. அமெரிக்கர்கள் ஏங்கும் அடையாள எண் நம்மிடம் கைவசம். அதில் சாதாரண மக்களிடம் வேகமாகப் பரவியது ஓபி சீட்டு வாங்கும் வரிசையைக் குறைக்கும் க்யூஆர் ஸ்கேன்தான், இங்கேயும் சின்னச் சேவைதான் முந்தியது. ஆனால் தனியார் மருத்துவமனைக்கு, தன் நோயாளியின் பதிவு இன்னொரு மருத்துவமனைக்குப் போனால் என்ன லாபம்? 2023-இல் வந்த ஊக்கத்தொகைத் திட்டம் பதிவு உருவாக்கி இணைப்பதற்குக் காசு தர முன்வந்தது. அமெரிக்கா 2009-இல் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

மேரிலாந்து கதை வெற்றியோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2022-இல் மாநிலம் கிரிஸ்பைச் சுகாதாரத் தரவுப் பொதுச்சேவையாகச் சட்டத்தில் உயர்த்தியது, குடிநீர் வாரியம் மின் வாரியம் போல. அதே வருடம் ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைக்கு இருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பை ரத்து செய்தது. பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியா செப்டம்பரில் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுதாகத் தடை செய்தது. அந்த மாநிலத்தின் தகவல் பரிமாற்றமோ கிரிஸ்பின் தொழில்நுட்பத்தையே பகிர்ந்துகொள்ளும் கூட்டாளி. மேரிலாந்துக்கு வந்து சட்டப்படி சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணின் பதிவு, எல்லோரும் வருடக்கணக்காகப் பாடுபட்டு அமைத்த அதே குழாய் வழியாக, அதைக் குற்றமாகப் பார்க்கும் ஊருக்குப் போய்ச் சேரலாம். 2023-இல் மேரிலாந்து சட்டம் போட்டது: கருவைக் கலைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை பற்றிய பதிவும் கருக்கலைப்பு சார்ந்த குறியீடுகளும் பரிமாற்றம் வழியே வெளியே போகக் கூடாது. இதற்கு விலை உண்டு. ரத்தப்போக்கோடு எமர்ஜென்சிக்கு வரும் பெண் என்ன மருந்து சாப்பிட்டார் என்பது அந்த டாக்டரின் திரையில் இருக்காது. அப்புறம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறியீட்டு எண்ணைக் கணினி எளிதாக வடிகட்டிவிடும், ஆனால் டாக்டர் தன் குறிப்பில் வாக்கியமாக எழுதிவைத்ததை எப்படி வடிகட்டுவது?